அடுப்பு டாக்ஸி

டாக்ஸிக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைப் பார்த்து ஏறும். ஹீட்டரை முழுசாகத் திருப்பினால் நல்ல பிள்ளையாக இறங்கிவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, எங்கும் ஒழுகவுமில்லை. ஸ்டாண்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கொளுத்தும் வெயிலிலும் ஹீட்டரோடே ஓட்டினார். ஏறியவர்கள் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்கள். 'அடுப்பு' என்று வண்டிக்குப் பெயரும் வைத்தாயிற்று.

தையற்கார அம்மா மட்டும் வேறு வண்டியில் ஏறமாட்டேன் என்றார். சிறுநீரகம் கெட்டுப்போய், மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள ஆஸ்பத்திரி போய்வருகிறவர். இந்த அடுப்பில் அவருக்கு என்ன சுகம்? பாவம், நம் பிழைப்புக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்று டாக்ஸிக்காரர் கூனிக் குறுகினார். முடியாத மனுஷியை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் வண்டி நின்றுவிட்டால்?

மனைவியின் தம்பி மெக்கானிக். மச்சான் முன்னால் கைகட்டி நிற்பதா என்று இருந்தவர், அந்தப் பயத்தில் வீம்பை விட்டார். அவன் இன்ஜினைச் சூடேறவிட்டு ரேடியேட்டர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தான்.

"மேல் குழாய் கொதிக்குது, கீழ்க் குழாய் சில்லுனு இருக்கு. தண்ணிக்குக் கதவு மாதிரி இருக்கிற தெர்மோஸ்டாட் திறக்கல மாமா. சூடான தண்ணி ரேடியேட்டர் வழியா ஓடவே இல்ல. ஹீட்டருக்கு வழி தனி, அதான் அதைப் போட்டா முள்ளு இறங்குது."

டாக்ஸிக்காரர் தலையாட்டினார், பாதிதான் விளங்கியது. இன்ஜின் ஆறியதும் மச்சான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அக்காவின் பாத்திரத்திலேயே கொதிக்கவைத்தான். தண்ணீர் தளதளத்தும் அது வாயைத் திறக்கவில்லை. புதிதாக வாங்கிவந்தது அதே தண்ணீரில் மெல்லத் திறந்தது. பாத்திரத்துக்காக அக்கா இருவரையும் ஒரு பிடி பிடித்தாள்.

மறுநாள் ஹீட்டர் இல்லாமலே முள் நடுவில் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் தையற்கார அம்மாவைப் பெருமையாக ஏற்றிக்கொண்டார். கொஞ்ச தூரம் போவதற்குள் அவர் சால்வையை இழுத்துப் போர்த்தினார். பல் தந்தியடித்தது.

"வண்டிக்கு என்ன தம்பி ஆச்சு? அந்த மெஷின்ல இருந்து எழுந்தா எலும்பெல்லாம் நடுங்குது. உங்க வண்டியில வந்தாத்தான் எனக்கு உயிர் வருது."

டாக்ஸிக்காரர் திருதிருவென்று விழித்தார். வண்டி சரியான நாளில்தானா இப்படி மாட்டிக்கொள்ள வேண்டும்?

"சின்ன ரிப்பேர்ம்மா," என்று புளுகிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினார்.

அந்த அம்மா மெல்லக் கண்ணயர்ந்தார். அவர் வீடு வந்தது. டாக்ஸிக்காரர் நிறுத்தவில்லை, வியர்வையில் சட்டை தொப்பலாக நனைய, அதே தெருவை இன்னொரு முறை சுற்றினார்.