அக்கா பொய் வைக்காத நாள்

என் அக்கா ஆன்லைனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறாள். பதினோரு வருடம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிய பிறகு கிடைத்த வேலை. மேஜை வாங்கவில்லை. துணி தேய்க்கும் பலகையை இடுப்பளவுக்கு உயர்த்தி, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே நடத்துவாள். அந்த நேரத்தில் வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, நான் தும்மக் கூடாது.

அவளிடம் ஒரு கிறுக்கு உண்டு. எதைக் கேட்டாலும் பதில் வராது. "நீ என்ன நினைக்கிற?" என்றுதான் வரும். சாப்பாட்டில் உப்பு போதுமா என்று கேட்டாலும் அதே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வகுப்பிலும் இதே கூத்துதான். தினமும் பாடத்துக்குள் வேண்டுமென்றே ஒரு தப்பான தகவலை ஒளித்து வைப்பாள். 'இன்றைய பொய்' என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் அதைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் மட்டும் போதாது, ஏன் பொய் என்றும் சொல்ல வேண்டும். கேள்வியைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். யாராவது மைக்கைத் திறக்கும்வரை ஒரு நிமிடமானாலும் அப்படியே நிற்பாள்.

வகுப்பு நடத்தச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு அந்த மௌனம் ஆகவே ஆகாது. ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார் என்று திரையின் ஓரத்தில் ஒரு கோடு காட்டும். பாதி நேரமாவது பேசினால் பச்சை. அக்காவுடையது என்றைக்கும் சிவப்பு. மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிற வாரம் மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"நாளைக்கு உங்க கிளாஸ்ல நானும் உட்கார்றேன் மேடம். நான் தயார் பண்ணின ஸ்லைடையே நடத்துங்க. நாளைக்கும் கோடு சிவப்புலயே நின்னா, உங்களை வேலையில வச்சுக்க முடியாது."

"ஒரே ஒரு நாள் உன் பொய்யை மூட்டை கட்டி வை, புண்ணியமாப் போகும்," என்றேன்.

"சரிடி," என்றாள். எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் பேக்கரியில் என் ஷிப்ட் முடிந்து ஓடி வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவளுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் அவள் திரை முழுக்கத் தெரிந்தது. பிள்ளைகளின் கட்டங்களுக்கு நடுவே ஒரு கட்டத்தில் மேற்பார்வையாளர்; முகம் காட்டவில்லை.

பாடம் இதுதான். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். ஆக்ஸிஜன் எரிந்து தீர்வதால் அது இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது என்றது ஸ்லைடு. அக்கா மூச்சு விடாமல் பேசினாள். கோடு மஞ்சளாகி, பச்சையானது. நான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

ஒன்றை மறந்துவிட்டாள், பாவி. இன்றைக்குப் பொய் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போல வேட்டையில் இருந்தார்கள்.

ஒரு மைக் திறந்தது. முகத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்திருக்கும் பெண். மூன்று மாதத்தில் ஒரு வார்த்தை பேசாதவள்.

"டீச்சர், அந்தக் காரணம்தான் பொய். நேத்து ஸ்லைடு வந்ததும் வீட்டுல செஞ்சு பார்த்தேன். ஆக்ஸிஜன் தீரத் தீரத்தானே தண்ணி ஏறணும்? மெழுகுவர்த்தி எரியறப்ப அவ்வளவா ஏறவே இல்ல. அணைஞ்ச பிறகுதான் சர்ருன்னு ஏறுச்சு. டம்ளரைக் கவுத்தப்ப ஓரத்துல குமிழி வேற வந்துச்சு."

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஸ்லைடுதான் சரி, அடுத்ததுக்குப் போ என்று கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

பத்து விநாடி. முப்பது. ஒரு நிமிடம். கோடு மஞ்சளுக்கு இறங்கியது.

"குமிழி வந்துச்சுன்னா உள்ள இருந்த காத்து வெளியே போயிருக்கு," என்றான் ஒருவன்.

"சூட்டுல காத்து விரியும்ல? அணைஞ்சதும் ஆறிச் சுருங்கும். அதான் தண்ணிய உள்ள இழுக்குது."

"இழுக்கல. வெளிக்காத்து தண்ணிய உள்ள தள்ளுது!"

அதற்கப்புறம் அடக்க ஆளில்லை. இருபது நிமிடம் அடித்துக்கொண்டார்கள். அக்கா இடையிடையே ஒரு கேள்வி கேட்டதோடு சரி. கோடு சிவந்தது.

கடைசியில் பூனைப் படம் கேட்டது: "டீச்சர், இதுதானே இன்னைக்கு நீங்க வச்ச பொய்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா கெட்டிக்காரி ஆகிவிடுவாள், மேற்பார்வையாளரின் மானமும் தப்பும், வேலையும் தப்பும். கழுத்து சுளுக்கும் அளவுக்குத் தலையை ஆட்டினேன்.

"இல்லம்மா," என்றாள் அக்கா. "இன்னைக்கு நான் பொய் வைக்கல. பதினோரு வருஷமா இதை உண்மைன்னு நம்பித்தான் நடத்தியிருக்கேன். எனக்கே தெரியாத தப்பை நீ கண்டுபிடிச்சிருக்க."

பூனைப் படம் மறைந்து, கண்ணாடி போட்ட ஒரு சின்ன முகம் வந்தது. அதே நேரம் மேற்பார்வையாளரின் கட்டம் சத்தமில்லாமல் காணாமல் போனது.

வகுப்பு முடிந்ததும் பிடி பிடி என்று பிடித்தேன். அக்கா லேப்டாப்பை மூடினாள். "போயிடுச்சுடி," என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் மெயில் வந்தது. அவள் தொடவில்லை, நான்தான் திறந்தேன். முதல் வரி மெஷின் தானாக நிரப்பியது: 'பேசிய நேரம் பதினாலு நிமிடம். போதாது.' கீழே மேற்பார்வையாளரே எழுதியிருந்தார்.

'ஸ்லைடைத் திருத்திவிட்டேன். உங்களை நிரந்தரம் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறேன். அந்தக் கோட்டைப் பற்றி மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன்.'

கூடவே ஒரு படம். சாப்பாட்டு மேஜையில் வரிசையாக மூன்று டம்ளர்கள். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று மெழுகுவர்த்திகள். தண்ணீர் ஏறிய உயரத்தைப் பேனாவால் கோடு போட்டிருந்தார். 'மெழுகுவர்த்தி கூடக் கூடத் தண்ணீரும் அதிகமாக ஏறுகிறது. ஏன் மேடம்?'

நான் கத்திக் குதித்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பதில் தட்டினாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சார்?'

கையைப் பிடிப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.