நாலு தட்டும் இரண்டு விரலும்

தங்கச்சியின் புருசனுடைய விரல்களை நான் உடைத்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த வாசிகசாலை மண்டபத்தில். எழுபதுகளின் நடுப்பகுதி. எங்களுக்கு ஒரு சின்ன இசைக்குழு இருந்தது. அவன் கிற்றார், நான் டிரம். ஒரு பாட்டைப் பதிந்து வானொலிக்கு அனுப்ப ஆசைப்பட்டோம். கிண்ணியாவிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர் ஒருவர் தன் ரேப் ரெக்கோடரைச் சாக்கில் சுற்றி, படகில் துறை தாண்டிக் கொண்டுவந்தார்.

கிற்றாரும் டிரம்மும் ஒன்றாகத் தொடங்கவேண்டிய பாட்டு அது. எத்தனை தரம் வாசித்தும் சேரவில்லை. கப்பல் சத்தத்துக்குப் பயந்து ஜன்னல்களைப் பூட்டியிருந்ததால் வேர்வை கண்ணுக்குள் ஓடியது.

நானா ஒரு மெட்ரோனோமை மேசையில் வைத்தார். பியானோ படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. சாவி கொடுத்தால் கம்பி இரு பக்கமும் ஆடி, பிசகாமல் தட்டும் மரப்பெட்டி.

"இது நாலு தட்டுத் தட்டும், தம்பி. அஞ்சாவதில ரெண்டு பேரும் ஒண்டாத் தொடங்குங்க. பிறகு ரேப்பில அந்த நாலையும் பிளேட்டால வெட்டி எடுத்துருவன்."

"எனக்குத் தாளம் சொல்லித்தர ஒரு பெட்டியோ?" என்றேன்.

துறைமுக வேலையில் ஒருவனுடைய பல்லைக் கழற்றியவன் நான். கோபம் வந்தால் என் கை நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ரேப் சுழன்றது. பெட்டி தட்டியது. நாலாவது தட்டு விழுமுன்பே நான் தொடங்கிவிட்டேன்.

மைத்துனன் சிரித்தான். "பெட்டியில பிழை இல்லை, மச்சான். நீதான் முந்துறாய். உனக்குப் பொறுக்க ஏலாது."

எழுந்து போய் மெட்ரோனோமைத் தூக்கி அவன்மேல் இறக்கினேன். அவன் இடக்கை கிற்றாரின் கழுத்தில் இருந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் இன்னொரு தரம் அடித்தேன். பின்னாலிருந்து பிடித்த நானாவின் வாயில் என் முழங்கை பட்டு இரத்தம் வந்தது. மைத்துனன் வலக்கையால் கிற்றாரை வீசினான். டிரம்மோடு சேர்ந்து விழுந்தேன். புருவம் கிழிந்தது.

ஆஸ்பத்திரியில் அவன், "துறைமுகத்து ஜெட்டிப் பாலத்தில வழுக்கி விழுந்தனான்," என்றான்.

தாதி என் புருவத்தைப் பார்த்தார். "இவரும் வழுக்கினவரோ?"

"ஓம், எனக்குப் பின்னால வந்தவர்."

என் புருவத்துக்கும் தையல் போட்டார்கள்.

தங்கச்சியும் அதை நம்பினாள். ஒரு கிழமை கழித்து, அவர்கள் வீட்டுக்குச் சுகம் விசாரிக்கப் போன நானாவின் வீங்கிய வாயைக் கண்டு அவள் துருவித் துருவிக் கேட்டாள். அவருக்குப் பொய் வரவில்லை.

நேரே என் வீட்டுக்கு வந்தாள். படலைக்குள் வரும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாள். என் மனைவிக்கும் அயலட்டைச் சனத்துக்கும் முன்னால் கன்னத்தில், தலையில், தையல் போட்ட புருவத்தில் அடித்தாள்.

"அந்த மனிசன் உனக்காகப் பொய் சொன்னவர். நீ பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீ, என்ன?"

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் திருப்பி அடிக்கவில்லை. தையல் விட்டு இரத்தம் சேட்டில் விழுந்தது. அவள் களைத்துப்போய்த்தான் நிறுத்தினாள்.

அவனுடைய இரண்டு விரல்களும் பிறகு மடங்கவேயில்லை. கிற்றாரின் கம்பிகளை இடம்வலமாக மாற்றிப் பூட்டி, மற்றக் கையால் ஆரம்பத்திலிருந்து பழகினான். மாதக்கணக்கில் பழகிய பிறகு ஒருநாள் என் படலையடியில் சைக்கிளை நிற்பாட்டினான்.

"திரும்பப் பதியப்போறம். நீ வரவேண்டாம்."

"ஓம்," என்றேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் ஒரு வருசம் எடுத்தது. அவன் "சரி" என்று மட்டும் சொன்னான். தங்கச்சி அதைக்கூடச் சொல்லவில்லை.