பத்து மைக்ரோ கெப்பாசிட்டரும் ரெண்டு சாப்பாட்டு டப்பாவும்

ஈயம் உருக்கி ஒட்டுற சால்டர் புகையும் சம்பல் வாசமும் ஒண்ணா வந்தா எப்படி இருக்கும் தெரியுமா... சனிக்கிழமை மத்தியானம் எங்க தம்போய் வீட்டுப் பின்பக்கம் அப்படித்தான் மணக்கும்.

சம்பல் ஏன்னா, என் கூடப்பொறந்த சேவியர் அண்ணன் கிட்டாருக்குக் காலால அமுக்குற பெடல் செஞ்சது பாசார் மாலாம் ராச்சந்தையில வாங்கின அலுமினிய சாப்பாட்டு டப்பாவுல. ஒரே சைஸ், ரெண்டு. ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு. விஷயம் தெரியாம அம்மா ரெண்டுலயும் நாசி லெமாக், அதான் சம்பல் வெச்ச தேங்காய்ப்பால் சோறு, கட்டிக் கொடுத்துட்டாங்க. எவ்வளவு கழுவியும் வாசம் போகலை.

மாதா கோயில் பாட்டுக் குழுவுல நாங்க ரெண்டு பேரும் கிட்டார் வாசிச்சோம். சத்தத்தை ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி, மெதுவா அலை மாதிரி ஆட்டுறதுதான் அந்தப் பெடலோட வேலை. ட்ரெமலோம்பாங்க. எவ்வளவு வேகமா ஆடும்ங்கிறது உள்ள இருக்கிற ஒரு சின்ன கெப்பாசிட்டர் கையில. அதோட அளவு குறைஞ்சா வேகம், கூடினா மெதுவு.

அண்ணனுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு பாட்டு முழுக்க ரெண்டு கிட்டாரும் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கணும்.

நடக்கவே இல்லை...

ஒரே சர்க்யூட். மேல 'பத்து மைக்ரோ'ன்னு ஒரே எழுத்து. ஆனா அவரோடது கொஞ்சம் வேகம், என்னோடது கொஞ்சம் மெதுவு. முதல் ரெண்டு மூணு ஆட்டம் சேர்ந்து போகும். அப்புறம் அவரு முந்திப் போயிடுவாரு. எதிரும் புதிருமா ஆகி, திரும்ப எங்கயோ வந்து ஒட்டும், உடனே பிரியும்.

"ஒரு நாப் வெச்சிடுங்கண்ணே, திருகி சரி பண்ணிக்கலாம்"னேன்.

"ஒரே சாமான் போட்டா ஒரே மாதிரி அடிக்கணும் பாப்பா. நாப் எதுக்குலா?"

அவ்வளவுதான். அவரு ஒண்ணு சொன்னா சொன்னதுதான்.

கிட்டாரைத் தொடாம விட்டாக்கூட ஆம்ப்ல 'ஸ்ஸ்...'னு ஒரு காத்துச் சத்தம் வருமே, அதையும் பெடல் ஏத்தி இறக்கும். ரெண்டு பேர் படுத்துத் தூங்குற ரூம் மாதிரி இருக்கும். ரெண்டும் ஒட்டுற நேரம் மட்டும் ஒரே ஆளோட மூச்சு... ரூம்ல மூணாவதா யாரோ இருக்கிற மாதிரி.

சமையல்கட்டுலேருந்து அம்மா கத்துவாங்க. "அலமாக், யாருடா உள்ள மூச்சு விடுறது? நிறுத்துங்கலா, பயமா இருக்கு!"

கெப்பாசிட்டர் கொண்டு வந்தது நான்தான். அப்ப ஒரு ஃபேக்டரியில சார்ட்டிங்ல இருந்தேன். ஒவ்வொண்ணா மீட்டர்ல வெச்சு அளக்கணும், சந்தேகமா இருந்தா ரெண்டாவது தடவை அளக்கணும். மிச்சம் மீதியை சூப்பர்வைசர் அக்கா ஒரு பையில போட்டுக் கொடுத்தாங்க. அண்ணன் ஒண்ணு விடாம மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தாரு. ஒண்ணு வேகம், இல்லேன்னா மெதுவு. பக்கத்துல பக்கத்துல வர்ற ஜோடியும் பாதிப் பாட்டுக்கு மேல தாங்கலை.

ஒருநாள் வேலைக்குப் போற பஸ்லதான் எனக்கு உறைச்சுது. இருபது பர்சன்ட் டாலரன்ஸ்னா, பத்துன்னு எழுதியிருந்தாலும் உள்ள எட்டும் இருக்கலாம், பன்னெண்டும் இருக்கலாம். பத்தை ஒட்டி வர்றதை எல்லாம் நாங்க வேற தட்டுல போட்டுடுவோம், அது நல்ல விலைக்குப் போயிடும். நடுவுல உள்ளதைப் பொறுக்கினது போக மிச்சந்தான் அந்தப் பை. அதுல சரியான பத்து எப்படி இருக்கும்?

சொன்னதும் அண்ணன் சிரியோ சிரின்னு சிரிச்சாரு. "அப்ப விடு பாப்பா. நான் வேகம், நீ மெதுவு. அப்படியே இருப்போம்."

அவரோடதை ஃபேக்டரி மீட்டர்ல வெச்சுப் பார்த்தேன். ஒன்பதுக்குக் கொஞ்சம் மேல. என்னோடது பதினொண்ணுக்குக் கொஞ்சம் கீழ. அவரோடதுல சிவப்பு நெயில் பாலிஷ் வெச்சு ஒரு புள்ளி வெச்சேன். அதையே ஒட்டி மூடிட்டோம்.

அப்புறம் அவரு சிங்கப்பூர் வேலைக்குப் போனாரு, கல்யாணம், பிள்ளைங்க... கிட்டார் மூலைக்குப் போச்சு. போன வருஷம் ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

இப்ப அண்ணி உலு திராமுக்கு வீடு மாறுறாங்க. சாமான் ஒதுக்கும்போது கிடைச்சதுன்னு அந்த டப்பாவைக் கொடுத்தாங்க. திருகெல்லாம் துரு.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் நல்ல மழை. ரெண்டு டப்பாவுக்கும் தனித்தனி பேட்டரி, தனித்தனி ஆம்ப். கிட்டார் இல்லை, அந்த 'ஸ்ஸ்...' சத்தம் மட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்... அவரு முந்திப் போறதை ஒரு தடவை கேக்கணும், அவ்வளவுதான்.

தனித்தனியாதான் ஆரம்பிச்சுது. மெல்ல வந்து ஒட்டுச்சு. சரி, இப்ப பிரியும்னு காத்திருந்தேன்.

பிரியலை.

மழை விட்டு, கூரையில சொட்டுறதும் நின்னுடுச்சு. அப்பவும் ஒரே மூச்சு...

நிறுத்திட்டுத் திறந்து பார்த்தேன். அதே கெப்பாசிட்டர். சிவப்புப் புள்ளி அப்படியே இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு கம்பிக் காலை மட்டும் கழட்டி, வீட்டுல வெச்சிருக்கிற மீட்டர்ல அளந்தேன். என்னோடது பத்து. சரி, வயசானா உள்ள காஞ்சு இறங்கும், நியாயந்தான்.

அவரோடதும் பத்து.

அது எப்படி? கெப்பாசிட்டர் காஞ்சா இறங்கும், ஏறாது. ஒன்பதுல இருந்தது இன்னும் கீழதான் போயிருக்கணும். வருஷக்கணக்கா இதையே அளந்தவ நான், எனக்குத் தெரியாதா...

திரும்ப ஒட்டி ஆன் பண்ணேன். திரும்ப அதே ஒரே மூச்சு. ரெண்டாவது தடவை அளந்துடலாம்னு நிறுத்தப் போனேன். சுவிட்ச் மேல கால் வெச்சாச்சு.

பின்னாடி அம்மா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்து நாற்காலியில உக்காந்தாங்க. அன்னைக்குக் கத்தின அதே அம்மா. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டாங்க.

"நிறுத்தாத பாப்பா. இருக்கட்டும்லா..."

காலை எடுத்துட்டேன்.

இப்பல்லாம் ஃபோன்ல ஆர்டர் போட்டா ஒரு பர்சன்ட் டாலரன்ஸ் கெப்பாசிட்டர் வாசலுக்கே வந்துடுது. அன்னைக்குக் கிடைச்சிருந்தா அண்ணன் ஆடியிருப்பாரு. எனக்கு இப்ப அது வேண்டாம். மத்தியானம் ஆனா அம்மாவே வந்து உக்காந்துக்கிறாங்க, நான் ரெண்டையும் ஆன் பண்ணி விடுறேன்.

மீட்டர் அலமாரியில இருக்கு. இன்னும் ரெண்டாவது தடவை அளக்கலை.