பதினொரு மணிக்குத் திணறும் பஸ்

திருவல்லிக்கேணியில் பெரிய மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் ஷகீலா. வயது நாற்பத்தாறு. ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடையொன்றில் போன் எடுக்கும் வேலைக்குப் போய், போன் வராத நேரங்களில் பின்கட்டில் உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொண்டவர். பழுது எதுவென்று தெரியாமல் ஒரு கம்ப்யூட்டரையும் மூடிக் கொடுத்ததில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை மூன்று வாரம் ஆட்டிவைத்தது சாந்தோம் மரியதாஸின் கம்ப்யூட்டர்.

மரியதாஸ் மாநகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப்போய் நான்கு வருடம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்கூட்டர்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மஸ்கட்டில் டீச்சராக இருக்கும் மகள் சோஃபியா, கோடை லீவில் வந்தபோது பெரிய கேமிங் கம்ப்யூட்டர் ஒன்றும் ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கி, பஸ் ஓட்டும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து காலை டிபன் முடிந்ததும் மரியதாஸ் டூட்டி ஏறிவிடுவார்.

"புது வண்டிமா. ஆனா மிஸ் அடிக்குது," என்றார் ஷகீலாவிடம். "நான் ஸ்டீயரிங்க ஒடிச்சு முடிச்சப்புறம்தான் பஸ்ஸு திரும்புது. நேத்து பிளாட்பாரத்துல ஏறிட்டேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஏறினதில்ல."

திரையில் ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது. அந்தக் கம்ப்யூட்டரில் நூறுக்குக் குறைய நியாயமே இல்லை. ஷகீலா அஸர் தொழுகை முடித்து நாலரை மணிக்குப் போய்ப் பார்த்தார். நூற்றுப் பத்து. பஸ் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"நல்லாத்தானே இருக்கு அண்ணா?"

"இப்ப நல்லா கீது. நான் பொய்யா சொல்றேன்?"

சூடாகிறதோ என்று மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். கிராஃபிக்ஸ் கார்டைப் பிடுங்கித் திரும்பச் சொருகினார். திரைக்குப் போகும் வயரை மாற்றினார். மறுநாள் காலை மரியதாஸின் போன் வந்தது: "திரும்பவும் அப்படித்தான்மா." ஷகீலா அதை ஆட்டோவில் தன் வீட்டுக்கே கொண்டுவந்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். வாடிக்கையாளர் கம்ப்யூட்டரை அவர் தன் வீட்டு நெட்டில் இணைப்பதில்லை; வைரஸ் பயம். ஒரு சிணுங்கல் இல்லை. சாந்தோமுக்குத் திரும்பிப் போன அன்றே திணறல். கடற்கரைப் பக்கம், கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று வோல்ட்டேஜ் அளந்தார். அதுவும் சரியாக இருந்தது. நமக்குத்தான் தொழில் மறந்துவிட்டதோ என்று ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில், திரை ஓரத்தில் ஃபிரேம் எண் தெரியும்படி வைத்து, "திணறும்போது இதை எழுதி வைங்க அண்ணா," என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்து மரியதாஸ் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை நீட்டினார். பின்பக்கம் பஸ் டைமிங் எழுதுவது போல எழுதியிருந்தார். பதினொன்று ஐந்துக்குப் பதினெட்டு. பதினொன்று நாற்பதுக்கு நூற்றெட்டு. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே நேரம். வெள்ளியும் சனியும் மட்டும் திணறலே இல்லை.

ஷகீலாவுக்கு இன்னும் குழம்பியது. கிழமை பார்த்து மெதுவாகும் கம்ப்யூட்டரை அவர் கண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினொன்று நாலுக்கு எண் சடசடவென்று இறங்கியது. பஸ் விட்டு விட்டு நகர்ந்தது. உள்ளே என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியலைத் திறந்தார். பெயர் கேள்விப்படாத புரோகிராம் ஒன்று பிராசசரை முக்கால்வாசி விழுங்கிக்கொண்டு, திரையில் ஓடுவதையெல்லாம் அப்படியே நெட் வழியாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணா, யாரோ உங்க ஸ்கிரீனைப் பார்க்கிறாங்க."

"யாரு?"

"தெரியல. வெள்ளி, சனி பார்க்க மாட்டாங்க."

மரியதாஸ் பிரேக்கை மிதித்து பஸ்ஸை ஓரம் கட்டினார். "வெள்ளி, சனி சோஃபியாவுக்கு ஸ்கூல் லீவு. அன்னிக்கு வீடியோ கால்ல வருவா," என்றார்.

மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார். சோஃபியா மறைக்கவில்லை.

"இது என் இன்டர்வெல் டைம்ப்பா. போன வருஷம் பாத்ரூம்ல விழுந்து ரெண்டு மணி நேரம் கிடந்தே. யாருக்கும் தெரியல. பஸ் ஓடுறதைப் பார்த்துட்டா, நிம்மதியா அடுத்த கிளாஸுக்குப் போவேன்."

"சொல்லிட்டுச் செய்யலாமில்ல?"

"சொன்னா வேணாம்பே."

மரியதாஸ் போனை வைத்தார். "அந்தப் புரோகிராம எடுத்துடுமா," என்றார் ஷகீலாவிடம். எடுத்தார். நூற்றுப் பத்து. பழுது கண்டுபிடித்தும் வழக்கமாக வரும் திருப்தி வரவில்லை. வேண்டாத வேலை பார்த்துவிட்டோமோ என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தார்.

வியாழக்கிழமை மரியதாஸ் கூப்பிட்டார்.

"வண்டி ஜோராத்தான் கீது. ஆனா பதினோரு மணியாச்சுன்னா கடியாரத்தையே பார்த்துக்கினு கீறேன். இன்னான்னு சொல்லத் தெரியல. அதைத் திரும்பப் போட்டுடுமா."

ஷகீலா போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை அந்தப் புரோகிராமின் சுமையைக் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் மாற்றி, மகள் பார்க்கும்போது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்படி வைத்தார். எண் அறுபதில் நின்றது. திரையில் மரங்கள் கொஞ்சம் மங்கல்; திணறல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த மரியதாஸோடு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஷகீலாவும் உட்கார்ந்தார். பதினொன்று ஐந்துக்குப் பச்சைப் புள்ளி வந்தது. மரியதாஸ் கழற்றிப் போட்டிருந்த சட்டையைப் பனியன் மேல் எடுத்து மாட்டினார்.

"அவங்களுக்கு ரோடுதான் தெரியும் அண்ணா, நீங்க தெரிய மாட்டீங்க."

"தெரியும்மா," என்றபடி பொத்தான் போட்டார்.

இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"அப்பா, ரெட் சிக்னல்ல போனியே."

"மஞ்சள்தான் இருந்துச்சு."

"நான் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

"அங்க லேட்டா தெரியும்டி," என்றார் மரியதாஸ். ஷகீலா பக்கம் திரும்பி, "தெரியும்ல?" என்று கேட்டார். லேட்டானாலும் பஸ்ஸும் சிக்னலும் சேர்ந்துதான் லேட்டாகும் என்று ஷகீலாவுக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவர்களை எடுத்துப் பையில் வைத்தார்.