மாங்கேணியில் பட்டப்பகலில் எரிந்த விளக்கு

ஒக்டோபர் விடுமுறையில் கடற்கரை பார்க்கத்தான் கொழும்பிலிருந்து கிளம்பினேன். பார்த்ததோ ஒரு பரீட்சை! மாங்கேணியில் படிப்பிக்கும் யாழினி, "வாணி விழாவுக்கு அடுத்த நாள் வாங்க மச்சாள், எங்களுக்கும் ஆள்பலம் வேணும்" என்று அழைத்திருந்தாள்.

தங்கியது கல்லடியில். அங்கிருந்து மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு ஆட்டோ 300 ரூபாய். காலை 6.30க்கு மாங்கேணி வழியாகப் போகும் வாகரை பஸ், டிக்கெட் 210. ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. யன்னலோரம் கிடைத்தால் சொர்க்கம். எனக்குக் கிடைத்தது மீன்பெட்டியோரம்.

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவைக் கிராமங்களுக்கும் கொண்டுபோவது அரசின் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்முறை நடத்த முடியும் என்று காட்டினால்தான் பாடசாலைக்கு அனுமதி. அன்று அதைப் பார்க்கக் கல்வி அதிகாரிகள் வருகிறார்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதிய யாழினியின் மாணவி துஷாவுக்கு வயரும் பல்பும்தான் உயிர். கடற்தொழில் செய்யும் அவள் அப்பாவோ, "டவுன் ஹொஸ்டல்ல விட ஏலா. இஞ்ச இல்லாட்டி ஆர்ட்ஸ் படிக்கட்டும்" என்று முடித்துவிட்டாராம்.

தோணிகள் கரைசேரும் இடத்துக்கென்று பிள்ளைகள் ஒரு விளக்கு செய்திருந்தார்கள். இருட்டினால் தானாக எரியும், வெளிச்சம் வந்தால் அணையும். பத்து மணிக்கு அதிகாரிகள் வந்து நின்றபோது, வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்; விளக்கு ஜம்மென்று எரிகிறது.

"பட்டப்பகல்ல எரியுதே பிள்ள?" என்றார் மூத்த அதிகாரி.

துஷா வயர் வயராகத் தொட்டுப் பார்த்தாள். திடீரென்று அவள் சிரித்துவிட்டாள். "மிஸ், நேத்து பூசையில இதுக்கும் சந்தனம் பூசிட்டம்!"

வாணி விழாவில் புத்தகத்துக்கும் கருவிக்கும் பொட்டு வைக்காமல் விடுவோமா? வெளிச்சத்தை உணரும் அந்தச் சின்னக் கண்ணின்மேல் யாழினியே பக்தியோடு அப்பியிருக்கிறாள். விளக்குக்கு ஒரே இருட்டு. துஷா கைலேஞ்சியால் துடைத்தாள். விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்ததற்கு ஒரு கூட்டமே கைதட்டியதை அன்றுதான் பார்த்தேன்! அதிகாரி தன் கையால் மூடினார், எரிந்தது, எடுத்தார், அணைந்தது. மனுசன் நாலைந்து தரம் செய்து பார்த்தார்.

"பிழைய கண்டுபிடிக்கிறதுதானே இந்தப் பாடமே. வகுப்பத் தொடங்குங்க" என்றார். யாழினி அழுதுகொண்டே சிரித்தாள். சந்தோசத்தில் நானும் கத்திவிட்டேன்.

போகிறவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கொண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். கடற்கரைக்குக் காலையிலேயே போங்கள், மீன் துடிக்கத் துடிக்கக் கிடைக்கும். தலைநகரில் கொள்கை எழுதுகிறவர்களும் இந்த பஸ்ஸில் ஒருமுறை வந்தால் நல்லது. ஒரு பாடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இடுப்பு வலிக்கும்போதுதான் தெரியும்.

நான் புறப்படும்போது துஷாவின் அப்பா பாடசாலை வாசலில் நின்றார். "வகுப்பு கிடைச்சிட்டப்பா!" என்று ஓடிவந்தாள் மகள். இனியாவது படிக்க விடுவீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஹொஸ்டல் வேணாமெண்டுதான் சொன்னன். படிக்க வேணாமெண்டு எப்ப சொன்னன்?"