புழுக்கொட்டாய்க்குள் நான் போன நாள்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது மூன்று பிள்ளைகள். நாத்தனார் கண்மூடிய பிறகு அவள் பிள்ளைகள் நான்கையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். எத்தனையோ சத்தம் கேட்டுத் தேய்ந்துபோன இந்தக் காதுகளில் தேயாமல் நிற்பது ஒன்றுதான்: கெலவரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் ‘புழுக்கொட்டாயில்’, அடுக்கடுக்கான மூங்கில் தட்டுகளில், பட்டுப்புழுக்கள் மல்பெரித் தழையைத் தின்னும் சத்தம். ஓட்டின்மேல் தூறல் விழுகிறாற்போல இருக்கும். வெளியே வந்து பார்த்தால் வெயில் கொளுத்தும்.

அந்தக் கொட்டாயையும் எங்கள் வீட்டையும் ஆண்டவள் என் அத்தை முனிரத்னம்மா, அப்பாவுக்கு அக்கா. பத்தொன்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், தம்பிகள் இருவரையும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்து, வானம் பார்த்த காட்டில் மல்பெரி வைத்து, பட்டுக்கூட்டைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விற்று வருவாள். விலை பேசக் கன்னடம், சண்டைக்குத் தெலுங்கு, வீட்டுக்குள் வந்தால்தான் தமிழ். என்னைப் பெற்றவள் நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டதால் எனக்குச் சோறூட்டியதும் தலைவாரியதும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவளே. “எங்க மூணு பேருக்கும் கைநாட்டுதான். இவளாச்சும் படிக்கட்டும். எட்டாவது தேறுனா டீச்சர் டிரெயினிங் போலாமாம்” என்று அப்பாவிடம் மல்லுக்கு நின்றாள். சித்தப்பாவுக்கு அது கேலி. பையோடு நான் வாசலில் நுழைந்தாலே, “டீச்சரம்மா வராங்கோ, எல்லாரும் எழுந்து நில்லுங்கோ!” என்பார். அத்தை விளக்குமாற்றை ஓங்குவாள். நான் சிரிப்பேன்.

எட்டாவது முழுப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு காலையில் நான் பெரியவள் ஆனேன். தெரிந்தால் அன்றைக்கே குச்சுக் குடிசை கட்டித் தனியே உட்கார வைத்துவிடுவார்கள், பரீட்சை போய்விடும் என்று அழுதுகொண்டு அத்தையிடம் மட்டும் சொன்னேன். அவள் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்து, என் தலையில் கை வைத்து, “பரீட்சை எழுதிட்டு வா கண்ணு. ஊருக்கு அப்புறம் சொல்லிக்கலாம். எம் மேல ஆணை” என்றாள்.

புழு வளர்க்கும் வீட்டில் சட்டதிட்டம் அதிகம். கால் கழுவாமல் கொட்டாய்க்குள் போகக்கூடாது, பக்கத்தில் கருவாடு சுடக்கூடாது, மாதவிலக்கில் ‘தூரமான’ பெண்கள் வாசற்படியைக்கூட மிதிக்கக்கூடாது. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் தழை போடுவது என் வேலை. இரண்டு நாள் தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன். மூன்றாம் நாள், முந்தின இரவு பெய்த மழையில் நனைந்த தழையை அத்தையே அறுத்து வந்து கூடையை என் இடுப்பில் வைத்தாள்.

“வேணாம் அத்தை, பயமா இருக்குது.”

“இன்னிக்கும் போவலன்னா உங்க சித்தப்பனுக்குச் சந்தேகம் வந்துரும். போட்டுட்டு வா. புழுவுக்கு என்னாடி தெரியும்?”

போட்டுவிட்டு வந்தேன்.

நான்கு நாள் கழித்து, கூடு கட்ட வேண்டிய புழுக்கள் தட்டுத் தட்டாகத் தொளதொளத்து, கறுத்து, நாற்றமெடுத்துச் செத்தன. அந்தக் கொட்டாயில் அதற்கு முன்னால் அப்படி ஆனதில்லை. சித்தப்பா தட்டுகளைத் தூக்கி வந்து வாசலில் வீசி, “எவ தூரத்தோட உள்ள வந்தது?” என்று கத்தினார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

“இவதான். எங்கிட்டகூடச் சொல்லாம மறச்சுட்டா.”

சித்தப்பா அடித்தார். அந்த அடி மறந்துபோயிற்று. ‘எங்கிட்டகூட’ என்ற ஒரு சொல் மறக்கவில்லை. அத்தை பொய் சொல்வாள் என்று நம்ப எனக்கே அன்று முழுவதும் பிடித்தது. சாயங்காலம் தாய்மாமன் வந்து புங்கந்தழையில் குச்சு கட்டினார். பரீட்சை நாட்களில் பிள்ளைகள் மை பாட்டிலோடு தெருவில் போவதைத் தழை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தேடி வந்த வாத்தியாருக்கு அத்தை மோர் கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்பிவைத்தாள்.

அடுத்த வருடம் பட்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். நான் மறைவில் நின்று கேட்டேன். ஈரத் தழையைப் போட்டுக் காற்றில்லாமல் மூடி வைத்தால் புழு இப்படித்தான் அழுகும், தீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். “சரிங்க சார்” என்றாள் அத்தை. அன்று முதல் தழையை உலர்த்தித்தான் போட்டாள். தம்பிகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினாறு வயதில் என்னைக் குருபரப்பள்ளிக்குக் கட்டிக்கொடுத்தபோது அந்தப் பேச்சும் கூடவே வந்தது. விதைக்கிற நாளில் மாமியார், “இவள ஊட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லுங்கோ, ஏற்கெனவே புழுவப் பலி எடுத்த கை” என்பாள். பிள்ளைகளை வளர்த்து, வீடு கட்டி, ஊரில் நாலு பேர் என் பேச்சைக் கேட்கும் காலம் வரும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

அத்தை கடைசி ஆறு வருடம் என் வீட்டில்தான் இருந்தாள். வேறு யாரிடமும் போக மாட்டேன் என்று அவளே கேட்டு வந்தாள். ஒருநாள் கால் பிடித்துவிடும்போது கேட்டேன்.

“அன்னிக்கு ஏன் அத்தை அப்பிடிச் சொன்ன?”

என் கையிலிருந்து காலை இழுத்துக்கொண்டாள். “நானே அனுப்புனேன்னு சொல்லியிருந்தா என்னை வெளிய தள்ளியிருப்பாங்கடி. போறதுக்கு எனக்கு எடம் ஏது? நீ சின்னப் புள்ள, அடிச்சா ஆறிரும்.”

“சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு.”

“அடுத்தவாட்டி வரட்டும், சொல்றேன்.”

எத்தனையோ வாட்டி வந்தார். “சாப்ட்டியாடா? முட்டி வலி எப்பிடி இருக்குது?” என்று கேட்டாள், அதைச் சொல்லவே இல்லை. நாதியற்ற விதவையின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. முப்பத்தைந்து வயதில் பயந்தாள், சரி. வீட்டையே ஆண்ட அறுபதிலும் எண்பதிலும் அவளுக்கு என்ன பயம்?

தொண்ணூற்றாறு வயதில், என் கையால் கஞ்சி குடித்துவிட்டு, போய்ச் சேர்ந்தாள். இன்று பதினாறாம் நாள் காரியம். கெலவரப்பள்ளிப் பக்கம் அந்தக் கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வாடகை அறைகள். கம்பெனிக்குப் போகும் தெக்கத்திப் பையன்கள் குடியிருக்கிறார்கள், மல்பெரி ஒரு குச்சிகூட இல்லை. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், “பொய்னா என்னான்னே தெரியாத மகராசி” என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்காக அழுதேன், இப்போதும் அழுகிறேன், அது வேறு.

எட்டாவதைத் தாண்டாத எழுத்து என்பதால் இதை எழுத மத்தியானம் முழுவதும் ஆயிற்று. பாப்பா, இங்கே வா, இதை எனக்குப் படித்துக் காட்டு. பிழை இருந்தால் இருக்கட்டும், ஒன்றையும் மாற்றாதே. உள்ளே வேண்டாம், வெளியே போய் உட்காரலாம். அங்கே கட்டிலில் சின்னத் தாத்தா இருக்கிறார், என் சித்தப்பாதான், அவருக்குக் காது மந்தம். உரக்கப் படி.