தாம்பூலத் தட்டில் எலி மண்டைகள்

மலேசியாவில், கிள்ளானுக்கு வெளியே, எங்கள் வீட்டை ஒட்டி அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக, பாமாயில் எடுக்கும் செம்பனை நிலம் கொஞ்சம் இருந்தது. அந்தப் பழங்களை எங்களைவிட எலிகள்தான் நன்றாக அனுபவித்தன. பெரியப்பா எலி மருந்து வைத்தார். மருந்து தின்ற எலியைத் தின்று எங்கள் பூனை செத்தது. பிறகு ஒருநாள், நீல நிறத்தில் இருந்த மருந்துக் கட்டியை மிட்டாய் என்று நினைத்து நான் வாயருகே கொண்டு போனதை அம்மா பார்த்துவிட்டார். அன்றோடு மருந்துக்கு முற்றுப்புள்ளி.

யார் யாரையோ விசாரித்து, ஒரு பலகைப் பெட்டி செய்யச் சொல்லி, வீட்டுக்குப் பின்னால் உயரமான கம்பில் ஏற்றினார் அம்மா. எலி பிடிக்க ஆந்தை குடிவருமாம். சில மாதங்களில் வந்தேவிட்டது, ஜோடியாக.

பெரியப்பா குதித்தார். “என்னம்மா இது? ஆந்தைய வீட்டுக்குப் பின்னால வச்சா குடும்பம் வெளங்குமா லா?”

“தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க மாமா. எலி கொறையலன்னா நானே பெட்டிய எறக்கிடறேன்,” என்றார் அம்மா.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆந்தைகள் என்னுடையவை என்று நான் முடிவு செய்து நாளாகியிருந்தது. தினமும் பள்ளி விட்டதும் பெட்டிக்குக் கீழே ஓடுவேன். ஆந்தை செரிக்காமல் கக்கிய உருண்டைகள் கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் மயிர் பிரிந்து சின்னஞ்சிறு மண்டை ஓடு வரும். பிஸ்கட் டின் நிறைந்தது.

தீபாவளியன்று வீடு நிறைய விருந்தாளிகள். பெரியப்பா முறுக்கைக் கடித்தபடி, “என்னம்மா, பெட்டிய எறக்கலாமா?” என்றார். நான் தாம்பூலத் தட்டிலிருந்த வெற்றிலையைக் கொட்டிவிட்டு, மண்டை ஓடுகளைப் பரப்பி, அவர் முன்னால் வைத்தேன். ஓர் ஆன்டி வீல் என்று கத்தினார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“இதெல்லாம் ஒங்க பழத்தத் தின்ன எலி பெரியப்பா! இனிமே தின்னாது!”

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டை நெடுநேரம் பார்த்தார். அந்த மாதம் வெட்டிய குலைகளில் எலிக் கடி அனேகமாக இல்லை என்பது அவருக்குத் தெரியும். சொல்லத்தான் மனம் வரவில்லை.

“இன்னொரு பெட்டி போடலாம் லா,” என்றார்.

வீடே கைதட்டியது. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்படியொரு வெற்றி அதன்பிறகு எனக்கு வாய்த்ததில்லை. இன்று அந்த நிலத்தில் ஆறு பெட்டிகள் நிற்கின்றன. எலி மருந்து வாங்குவதே இல்லை.

அந்த வயதில் எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. ஆந்தை குடிவந்த நாள் முதல், பொழுது சாய்ந்து அதன் முதல் அலறல் கேட்டதும் அம்மா என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். அதன்பிறகு விடியும்வரை என்னை வாசல் தாண்ட விடமாட்டார். நான் அவ்வளவு அழகாக இருக்கிறேன், அதனால் கண் படுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஆந்தைக்கு அதிகம் பயந்தவர் பெரியப்பா இல்லை.